போர்வை கொடுத்தாச்சு, குளிர் போச்சா?

லெபனானின் கிழக்கே பெக்கா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கு என்று பெயர்தானே தவிர, அதன் தரையே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் பிறந்துவிட்டால் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பனியும் கொட்டும். 2011இல் சிரியாவில் போர் தொடங்கியபின் எல்லை தாண்டி வந்தவர்களில் ஏராளமானோர் இங்கேதான் தங்கினார்கள். 2014 ஏப்ரலில் லெபனானில் பதிவு பெற்ற சிரிய அகதிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. இவர்களுக்கென்று முறையான முகாம் அமைக்க லெபனான் அரசு சம்மதிக்கவில்லை. அதனால் விவசாயிகளின் நிலத்தை வாடகைக்குப் பிடித்து, மரச்சட்டம் அடித்து, அதன்மேல் தார்ப்பாயையும் பழைய விளம்பரப் பதாகைகளையும் இழுத்துக் கட்டிக் குடியிருந்தார்கள்.

ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இவர்களுக்கு உதவி போகிறது. போர்வை, மெத்தை, தார்ப்பாய், அடுப்பு, டீசல், சில வருடங்களில் ரொக்கப் பணம். பருவம் முடிந்ததும் அறிக்கை வரும். இத்தனை ஆயிரம் போர்வை, இத்தனை ஆயிரம் குடும்பம் என்று. அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவற்றைப் படித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி அப்படியே நிற்கும்: சரி, கொடுத்தாச்சு, குளிர் போச்சா? இந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் தேடுவதைத்தான் மதிப்பீடு என்கிறோம். அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள் என்று இந்தத் துறையில் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். திட்டமிட்டபடி பொருள் வந்ததா, உரியவர் கையில் சேர்ந்ததா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. அந்தப் பொருளால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்ப்பது மதிப்பீடு. கண்காணிப்பு இல்லாமல் மதிப்பீடு இல்லை. ஆனால் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதையும் முடித்ததாக நினைத்துக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். ஒரு முகாமில் 1000 குடும்பங்கள். குடும்பத்துக்கு 5 போர்வை வீதம் 5000 போர்வை கொடுத்தாயிற்று. தாளில் இது நூற்றுக்கு நூறு. இப்போது ஒரு கூடாரத்துக்குள் நுழைவோம். உள்ளே ஏழு பேர். தரை வெறும் மண், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. மழை பெய்து அடியில் ஈரம் ஊறியிருக்கிறது. அப்படிப்பட்ட தரையில் படுத்தால் மேலே எத்தனை போர்த்தினாலும் உடம்புச் சூடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டம்மாவுக்கு இது தெரியும். அதனால் ஐந்து போர்வையில் இரண்டை மடித்துக் கீழே விரித்துவிட்டார். இன்னொன்று கூடார வாசலில் காற்றை மறிக்கத் தொங்குகிறது. போர்த்திக்கொள்ள மிஞ்சியது இரண்டு. ஏழு பேருக்கு இரண்டு.

இன்னும் இருக்கிறது. ஏழு பேர் மூச்சு விடுகிறார்கள், உள்ளேயே சமைக்கிறார்கள். அந்த ஆவியெல்லாம் கூரைப் பிளாஸ்டிக்கின் உட்பக்கம் பட்டுக் குளிர்ந்து நீர்த்துளியாகத் தொங்கும். விடியற்காலையில் அது ஒவ்வொன்றாகப் படுத்திருப்பவர்கள் மேல் சொட்டும். நனைந்த போர்வையில் சூடு நிற்காது. பகலில் காயப்போடலாம் என்றால் வெயில் இல்லை. இதில் எதுவும் விநியோகப் பதிவேட்டில் வராது. விநியோகித்தவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிவேடு அதற்காக உண்டானது அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே மதிப்பிடுகிறவர் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கொடுத்தது கையில் சேர்ந்ததா? சேர்ந்தது பயன்பட்டதா? பயன்பட்டதால் கூடாரத்துக்குள் சூடு கூடியதா? சூடு கூடியதால் நோய் குறைந்ததா, பிள்ளைகள் தூங்கினார்களா, கடன் குறைந்ததா? முதல் கண்ணியை எண்ணுவது சுலபம். கடைசிக் கண்ணிதான் உதவியின் நோக்கம். நடுவில் எது அறுந்தாலும் கடைசி வரை போய்ச் சேராது. மேலே பார்த்த கூடாரத்தில் அறுந்தது இரண்டாவது கண்ணிக்குப் பக்கத்தில். அங்கே இன்னும் இரண்டு போர்வை கொடுப்பதைவிடத் தரைக்கு மரப்பலகையோ தடித்த விரிப்போ கொடுத்திருந்தால் அதிகம் பயன்பட்டிருக்கும். இப்படி ஒரு முடிவு, கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தவருக்குத்தான் கிடைக்கும்.

எதை வைத்து 'போதும்', 'போதாது' என்று சொல்வது? அதற்கென்று உலக அளவில் ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன. ஸ்ஃபியர் கையேடு என்று ஒன்றை உதவி அமைப்புகள் கூடித் தயாரித்து வைத்திருக்கின்றன. கூரைக்குக் கீழே ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது அது. குளிர் நாடுகளில் 4.5 முதல் 5.5 சதுர மீட்டர் வரை. ஏன் கூடுதல்? வெப்ப நாட்டில் சமையல், குளியல், பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் வெளியே நடக்கும். குளிரில் எல்லாமே அந்த ஒரே அறைக்குள் வந்துவிடும். இந்தச் சின்ன வேறுபாட்டை யோசித்து எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. குளிர்காலம் என்பது வெறும் வெப்பநிலை அல்ல, வாழ்கிற விதமே மாறுகிறது என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது.

கேள்வி கேட்கும் விதம்

மதிப்பீட்டின் பெரும்பகுதி கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். பொருள் கொடுத்துச் சில வாரங்கள் கழித்து, சில குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வீடு தேடிப் போய்க் கேட்பார்கள். "போர்வை கிடைத்ததா?" கிடைத்தது. "பயனாக இருந்ததா?" இருந்தது. "திருப்தியா?" திருப்தி. இப்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொன்னால் அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் பதில் சொல்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். கேட்க வந்திருப்பவர் சட்டையில் உதவி அமைப்பின் முத்திரை. 'போதவில்லை' என்று சொன்னால் அடுத்த முறை பட்டியலில் பெயர் இருக்குமோ இருக்காதோ. அதோடு, வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது மரியாதையில்லை என்ற வளர்ப்பும் சேர்ந்துகொள்ளும். அந்தத் 'திருப்தி'யை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நல்ல கேள்வி நடந்ததைக் கேட்கும், அபிப்பிராயத்தைக் கேட்காது. "நேற்று ராத்திரி இந்தக் கூடாரத்தில் யார் யார் படுத்தீர்கள்? ஒவ்வொருவரும் எதன்மேல் படுத்தீர்கள், எதைப் போர்த்தினீர்கள்? அடுப்பு எத்தனை மணிக்கு அணைந்தது? இந்த வாரம் எதை எரித்தீர்கள்?" இதற்குப் பயந்தோ மரியாதைக்கோ பதில் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிரியாக்காரர்கள் சோபியா என்று சொல்லும் டீசல் அடுப்பு அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. டீசல் வாங்க முடியாத வாரத்தில் பழைய துணி, செருப்பு, பிளாஸ்டிக் எல்லாம் அதற்குள் போகும். அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். 'அடுப்பு கொடுத்தோம்' என்ற வரிக்குப் பின்னால் இப்படி ஒரு விஷயம் மறைந்திருக்கலாம். கேட்டால்தான் வெளியே வரும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று ஆணைத்தான் கேட்பார்கள். இரவில் குழந்தை இருமி எழுந்தால் யார் எழுந்து பார்க்கிறாரோ அவரைக் கேளுங்கள். தனியாக இருக்கும் முதியவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள், ஏனென்றால் வரிசையில் நின்று மூட்டை தூக்க முடியாதவர்கள் அவர்கள்தான்.

கேள்வியோடு நிறுத்தாமல் அளக்கவும் செய்யலாம். தீப்பெட்டி அளவுள்ள வெப்பமானி ஒன்றைச் சில கூடாரங்களில் தொங்கவிட்டால் இரவு முழுவதும் மணிக்கு மணி பதிவாகும். முகாம் மருத்துவமனைப் பதிவேட்டில் சளி, நிமோனியா என்று வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையை வாரவாரியாகப் பார்க்கலாம். சந்தைக்குப் போய் முத்திரை போட்ட போர்வை விற்கிறதா என்று பார்க்கலாம். விற்றால் உடனே 'உதவியை விற்றுவிட்டார்கள்' என்று கோபப்படுவது சரியல்ல. அந்தக் குடும்பத்துக்குப் போர்வையைவிட அவசரமான வேறொரு தேவை இருந்தது என்பதை அவர்கள் நமக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உதவி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

இதுதான் மதிப்பீட்டிலேயே கடினமான கேள்வி. 2005 அக்டோபர் 8ஆம் தேதி பாகிஸ்தான் பகுதிக் காஷ்மீரில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. பாகிஸ்தானில் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 35 லட்சம் பேர் வீடிழந்தார்கள். இமயமலையின் குளிர்காலம் சில வாரங்களில் தொடங்க இருந்தது. கூடாரங்கள் வந்து குவிந்தன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர் தாங்கும் கூடாரங்கள் அல்ல. நிலநடுக்கத்தில் தப்பியவர்கள் குளிரில் சாவார்கள், இரண்டாவது சாவு அலை ஒன்று வரும் என்று எல்லோரும் பயந்தார்கள். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு தகரத் தகடுகளையும் கருவிகளையும் மலைமேல் கொண்டுபோய், 5000 அடிக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சூடான, ஈரமில்லாத அறையாவது எழும்ப வேண்டும் என்று பனியோடு போட்டி போட்டது. ஹெலிகாப்டர்கள் ஓயாமல் வேலை செய்தன.

பயந்த அந்த இரண்டாவது அலை வரவில்லை. அப்படியானால் உதவி வெற்றி என்று எழுதிவிடலாமா? அந்த வருடம் குளிர் வழக்கத்தைவிட மிதமாக இருந்தது. உயிர்களைக் காத்தது தகரமா, வானிலையா? இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். ஆனால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஏனென்றால் உதவி போகாத ஒரு காஷ்மீர் நம்மிடம் இல்லை. ஒப்பிட ஒன்று இல்லாமல் 'இதனால் இது நடந்தது' என்று சொல்ல முடியாது. மதிப்பீட்டுக்காரர்களின் தலைவலி முழுவதும் இதுதான்.

சோதனைக்கூடத்தில் என்றால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம். பனியில் நிற்கும் மக்களிடம் போய் 'ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதனால் உங்களுக்குப் போர்வை இல்லை' என்று சொல்ல முடியுமா? கூடாது. அப்படியானால் என்னதான் வழி? திரும்ப லெபனானுக்கே வருவோம்.

2013 நவம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை ஐ.நா. அகதிகள் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் சிரிய அகதிக் குடும்பங்களுக்கு ஏ.டி.எம். அட்டை மூலம் பணம் கொடுத்தார்கள். குடும்பத்துக்குச் சராசரியாக 575 டாலர். நோக்கம் அவர்கள் குளிரில்லாமல் இருப்பது. எல்லோருக்கும் கொடுக்கப் பணம் போதாது. உயரம் கூடக் கூடக் குளிர் அதிகம் என்பதால், கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் வசிப்பவர்களுக்கு என்று ஒரு கோடு போட்டார்கள். இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி என்ற அமைப்பு நடத்திய ஆய்வு இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

நம் ஊர்ப் பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ், 34 எடுத்தால் ஃபெயில். அந்த இரண்டு பிள்ளைகளும் படிப்பில் ஒன்றுதான். ஒரு மதிப்பெண் அதிர்ஷ்டம் மட்டுமே வித்தியாசம். பாஸான பிள்ளையின் வாழ்க்கை அதன்பின் எப்படிப் போனது, மற்ற பிள்ளையின் வாழ்க்கை எப்படிப் போனது என்று பார்த்தால், பாஸ் என்ற அந்த ஒரு சொல் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். அதேபோல 500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குடும்பமும் கொஞ்சம் கீழே இருக்கும் குடும்பமும் ஏறக்குறைய ஒரே நிலைமை, ஒரே குளிர். ஒருவருக்குப் பணம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை. ஆய்வுக்காக யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. பணப் பற்றாக்குறை போட்ட கோட்டையே ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

என்ன தெரிந்தது? பணம் பெற்ற குடும்பங்களில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்தது, பள்ளிக்கு அனுப்புவது கூடியது. பணம் வந்ததால் கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. குறிப்பிடும்படி அப்படி நடக்கவில்லை. கொடுத்த ஒவ்வொரு டாலரும் கைமாறிக் கைமாறி லெபனான் பொருளாதாரத்தில் 2.13 டாலர் மதிப்பை உண்டாக்கியது என்று கணக்கிட்டார்கள். ஆனால் குளிருக்கென்று கொடுத்த பணத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போயிற்று. பணம் பெற்றவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர், குளிர்காயத் தேவையானது தங்களிடம் போதுமான அளவு இல்லை என்றார்கள்.

இந்த முடிவை எப்படிப் படிப்பது? 'குளிருக்குக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டார்கள், திட்டம் தோல்வி' என்று ஒருவர் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பசித்த குழந்தைக்குக் குளிர் இரட்டிப்பாகத் தெரியும். சோறும் சூடுதான். அடுப்புக்கு டீசலா, பிள்ளைகளுக்கு ரொட்டியா என்று அந்தத் தாய் முடிவெடுத்தபோது அவருக்குத் தெரிந்தது எந்த அலுவலகத்துக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆய்வும் அவர்கள்மேல் பழி போடவில்லை. குளிர்காலம் முழுக்க அவர்கள் சூடாக இருக்க வேண்டுமானால் தொகை கூட வேண்டும் என்றுதான் சொன்னது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முறை 500 மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் உறுதியாகப் பேசும். அதே நாட்டில் ஆர்சால் என்ற ஊர் 1400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பனியில் புதைந்த கூடாரத்தில் 575 டாலர் என்ன செய்தது என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை. அதைவிட மனதை உறுத்துவது இன்னொன்று: 490 மீட்டரில் இருந்த குடும்பத்துக்கும் குளிர்ந்ததே. கோடு எங்கே போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பார்கள். மதிப்பீடு அவர்களையும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆறு அளவுகோல்களும் ஒரு சுவரும்

வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் உதவிக் குழு 1991இல் ஐந்து அளவுகோல்களைச் சொன்னது: தேவைக்குப் பொருத்தமா, நோக்கம் நிறைவேறியதா, செலவுக்குத் தக்க பலனா, நீண்டகால விளைவு என்ன, பலன் நிலைக்குமா. 2019இல் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மற்றவர்கள் செய்வதோடு இது இசைந்து போகிறதா.

அந்த ஆறாவதை வறட்டுச் சொல் என்று தள்ளிவிடாதீர்கள். அதே 2019இல் ஆர்சாலில் என்ன நடந்தது என்று பாருங்கள். குளிர் தாங்காமல் பல குடும்பங்கள் சிமெண்ட் கல் வைத்துச் சுவர் எழுப்பியிருந்தன. அது நிரந்தரக் கட்டடம், அனுமதியில்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதை இடித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் கோடையில் சுவர்கள் இடிந்தன, அவற்றின் இடத்தில் மறுபடி மரமும் பிளாஸ்டிக்கும் வந்தன. ஒரு கை போர்வை கொடுக்கும்போது இன்னொரு கை சுவரை இடிக்கிறது என்றால், போர்வைத் திட்டத்தை மட்டும் தனியாக எடுத்து 'சிறப்பு' என்று மதிப்பெண் போடுவதில் என்ன பயன்?

தீங்கு நேர்ந்ததா என்ற கேள்வியையும் மறக்கக் கூடாது. 2019 டிசம்பர் தொடங்கி மூன்றே மாதத்தில் சிரியாவின் வடமேற்கில் இட்லிப் பகுதியில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். குளிரில் பச்சைக் குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. சூட்டுக்காக மூட்டிய தீயின் புகையில் மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றியும் செய்தி வந்தது. மூடிய கூடாரத்துக்குள் எரியும் எந்த அடுப்பும் இரண்டு விதத்தில் ஆளைக் கொல்லும்: தீப்பிடித்து, அல்லது கார்பன் மோனாக்சைடால் சத்தமில்லாமல். அடுப்பு கொடுத்த திட்டம், எத்தனை கூடாரங்கள் எரிந்தன என்ற எண்ணையும் அதே அறிக்கையில், அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் முதலில் பார்ப்பது தேதி. நவம்பர் முதல் வாரத்தில் கையில் கிடைத்த போர்வையும் பிப்ரவரி கடைசியில் கிடைத்த போர்வையும் பதிவேட்டில் ஒன்றுதான். உடம்புக்கு ஒன்றல்ல. முதல் பனி விழுந்த நாள் எது, அன்றைக்கு எத்தனை பேர் கையில் பொருள் சேர்ந்திருந்தது என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் பல அறிக்கைகளின் தோற்றமே மாறிவிடும். தாமதத்துக்குக் காரணம் களத்தில் இருப்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. நன்கொடை அறிவிப்பு தாமதம், டெண்டர் தாமதம், எல்லையில் லாரி நிற்பது, பனியில் சாலை மூடுவது என்று எங்கே வேண்டுமானாலும் நாட்கள் கரையும். எங்கே கரைந்தன என்று கண்டுபிடிப்பது மதிப்பிடுகிறவர் வேலை.

அதே தேதிக் கணக்கு மதிப்பீட்டுக்கும் உண்டு. குளிர்காலப் பொருள்கள் களத்தில் அக்டோபரில் இருக்க வேண்டுமானால் கொள்முதல் கோடையிலேயே முடிவாகிவிட வேண்டும். ஆகவே பிப்ரவரியில், குளிர் இன்னும் கண்ணெதிரே இருக்கும்போதே கூடாரங்களுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். ஏப்ரலில் கணக்கெல்லாம் பார்த்து, மே மாதத்துக்குள் நாலே பக்கத்திலாவது, வாங்குகிற அதிகாரியின் மேசையில் வைக்க வேண்டும்: தரைக்கு விரிப்பு வேண்டும், போர்வை எண்ணிக்கையைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைக்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வையுங்கள், பணத்தை நவம்பருக்கு முன்னால் அனுப்புங்கள் என்று. பதில் சொன்ன அந்தத் தாய்மாருக்கும், நீங்கள் சொன்னதில் இதை எடுத்துக்கொண்டோம், இதைச் செய்ய முடியவில்லை என்று திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பயணத்துக்கான பேருந்துச் செலவைத் திட்டம் போடும்போதே ஒதுக்கி வையுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.